பாடமாக வராதது வழக்காக வருகிறது: கே.கே. நகர் முதல் நாங்குநேரி வரை, பள்ளிகளில் உறவு மற்றும் பாலியல் கல்வி

சென்னை கே.கே. நகரில் உள்ள பத்ம சேஷாத்ரி பால பவன் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் மீது 2021 மே மாதம் பாலியல் துன்புறுத்தல் புகார்கள் எழுந்தன. அப்புகார்கள் முதலில் வெளிப்பட்ட இடம் காவல் நிலையமோ தலைமையாசிரியரின் அறையோ அல்ல, சமூக ஊடகம். முன்னாள் மாணவிகள் முதலில் பேசினர். அவர்களைத் தொடர்ந்து அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களும் பேசத் தொடங்கினர். இணையவழி வகுப்பில் தகாத உடையில் தோன்றியது, மாணவிகளின் தோற்றத்தைப் பற்றிப் பேசியது, தகாத செய்திகள் அனுப்பியது எனப் பட்டியல் நீண்டது. மே 24 அன்று அந்த ஆசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். போக்சோ சட்டத்தின்கீழ் கைதும் செய்யப்பட்டார். அவர் குற்றவாளியா இல்லையா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். நம்முன் உள்ள கேள்வி வேறு. தங்களுக்கு நேர்வது இன்னதென்று பெயரிட்டுச் சொல்லவும், யாரிடம் சொல்வதென்று அறியவும், அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி எதைக் கற்றுக்கொடுத்திருந்தது?

தமிழ்நாட்டில் உறவு மற்றும் பாலியல் கல்வி என்ற பொருள் பெரும்பாலும் இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பின்னரே பேசப்படுகிறது. பேசப்படும்போதும் ஒரு சொல் தவறாமல் விடுபட்டுப் போகிறது: சாதி. இந்தக் கட்டுரை பாலியல் கல்வி என்பது என்ன, சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கிறது, அது ஏன் தடுக்கப்பட்டது என்பவற்றைத் தொகுத்துத் தருகிறது. அதனுடன் ஒரு வாதத்தையும் முன்வைக்கிறது: சாதியைப் பேசாத பாலியல் கல்வி, தமிழ்நாட்டு வகுப்பறைக்குப் போதாது.

கே.கே. நகருக்குப் பின் நடந்தவை

கைது நடந்த சில நாட்களுக்குள் சென்னையின் வேறு சில பள்ளிகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் மீதும், விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் மீதும் புகார்கள் வந்தன. இத்தகைய புகார் எதுவும் முன்பு தங்கள் கவனத்துக்கு வந்ததில்லை என்றது கே.கே. நகர் பள்ளி நிர்வாகம். தாங்கள் முன்பே சொல்லியும் பயனில்லை என்றனர் முன்னாள் மாணவிகள் சிலர். இதற்கிடையில் பொதுவெளி விவாதம் வேறு திசைக்குச் சென்றது. பள்ளி நிர்வாகம் எந்தச் சாதி, அரசு எந்தச் சாதியைக் குறிவைக்கிறது என்பதே தொலைக்காட்சிப் பேச்சானது. குற்றச்சாட்டின் நடுவே நின்ற பிள்ளைகள் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டனர்.

தமிழ்நாடு அரசு விரைந்து செயல்பட்டது. இணையவழி வகுப்புகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும், அவற்றில் ஆசிரியரும் மாணவரும் வகுப்பறைக்குரிய உடையில் இருக்க வேண்டும் என்றும் அறிவித்தது. 2021 ஜூனில் வெளியான நெறிமுறைகளின்படி, தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர், நிர்வாகம், ஆசிரியரல்லாத பணியாளர் ஆகியோரைக் கொண்ட மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவை ஒவ்வொரு பள்ளியும் அமைக்க வேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 22 வரை குழந்தைகள் மீதான வன்முறைத் தடுப்பு வாரம் கடைப்பிடிக்கப்பட வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில் கோவையில் 17 வயது மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய ஆசிரியராக இருந்தவர் கைது செய்யப்பட்டார். தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளியின் முதல்வரும் கைதானார். அதன்பின் 1098, 14417 ஆகிய உதவி எண்கள் பாடநூல்களில் இடம்பெறும் என்று அரசு அறிவித்தது. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டியும் வந்தது.

இவை அனைத்தும் தேவையானவை. ஆனால் இவை அனைத்தும் புகாருக்கான வழிகள். புகார் செய்வதற்கு முன்பே ஒரு பிள்ளைக்கு வேண்டியது, நடப்பது தவறு என்னும் அறிவு. அது தன் தவறல்ல என்னும் உறுதி. அதைச் சொல்வதற்கான சொற்கள். பாடநூலின் முகப்பில் எண்ணை அச்சிட்டோம். அந்த எண்ணை எதற்காக அழைப்பது என்பதை அதே நூலின் உள்ளே எழுதவில்லை.

பாலியல் கல்வி என்பது எது?

எதிர்ப்பாளர்கள் அஞ்சுவது போல அது உடலுறவுப் பாடம் அல்ல. 2009இல் வெளியிட்டு 2018இல் திருத்திய வழிகாட்டுதலில் யுனெஸ்கோ அதற்கு 8 அடிப்படைப் பொருள்களை வகுத்துள்ளது: உறவுகள், விழுமியங்கள், உரிமைகள், பண்பாடு, பாலினம் பற்றிய புரிதல், வன்முறையும் பாதுகாப்பும், நலவாழ்வுக்கான திறன்கள், உடலும் வளர்ச்சியும், பாலியல்பும் நடத்தையும், பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம். வயதுக்கேற்ப, படிப்படியாக, ஆண்டுதோறும் தொடர வேண்டிய பாடம் அது. முதற்பொருள் உறவு என்பதைக் கவனிக்க வேண்டும். நட்பு என்றால் என்ன, இசைவு என்றால் என்ன, மறுப்பைச் சொல்வது எப்படி, மறுக்கப்படும்போது ஏற்றுக்கொள்வது எப்படி என்பவையே அதன் தொடக்கம். இக்கல்வி பிள்ளைகளின் பாலியல் நடவடிக்கையை அதிகரிப்பதில்லை என்பதும் அந்த வழிகாட்டுதல் தொகுத்துள்ள ஆய்வுகளின் முடிவு. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் இடைநிலைப் பள்ளிகள் அனைத்திலும் உறவு மற்றும் பாலியல் கல்வி கட்டாயம்.

நம் பள்ளிகளிலோ, இனப்பெருக்க உறுப்புகளின் படமும் பாகங்களின் பெயர்களும் உயிரியல் பாடமாக இருக்கின்றன. மாதவிடாய் பற்றிப் பேச மாணவிகளைத் தனியே அழைக்கும் வழக்கமும் உண்டு. மாணவர்கள் அந்நேரம் மைதானத்துக்கு அனுப்பப்படுவார்கள். சக மாணவியின் உடலைப் பற்றி எந்த ஆசிரியரும் அவர்களிடம் மரியாதையோடு பேசியதில்லை என்பதால், அந்த இடத்தைக் கைபேசி நிரப்புகிறது.

தடையின் வரலாறு

இந்தியாவில் இம்முயற்சி புதிதல்ல. மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் 2005இல் வளரிளம் பருவத்தினர் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள், இந்தியப் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று கூறி அதைத் தடை செய்தன அல்லது நிறுத்திவைத்தன. வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009இல் அளித்த அறிக்கையும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்ற நிலைப்பாட்டையே எடுத்தது.

தடைகள் வந்த அதே 2007இல் மற்றோர் ஆவணமும் வெளிவந்தது. ஒன்றிய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு அது. அவர்களில் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகக் கூறியிருந்தனர். பண்பாடு காக்கப்படுகிறது என்று சொல்லப்பட்ட வீடுகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் வந்த பிள்ளைகளே அவர்களும்.

ஒன்றிய அரசு 2020இல் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தை அறிவித்தது. அதன் 11 பொருள்களுள் நபர்களுக்கிடையேயான உறவுகள், பாலினச் சமத்துவம், இனப்பெருக்க நலம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இணையப் பாதுகாப்பு ஆகியவை உண்டு. பாலியல் கல்வி என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு அதன் உள்ளடக்கத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாக நியமித்து நடத்த வேண்டிய இத்திட்டம், தேர்வோ மதிப்பெண்ணோ இல்லாததால், தலைமையாசிரியரின் விருப்பத்தைப் பொறுத்தே உயிர்வாழ்கிறது.

சட்டம் ஏற்கெனவே சொல்வது

பாலியல் கல்வியைக் கோருவது அரசிடம் சலுகை கேட்பதாகாது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டமும் அதன் 2020ஆம் ஆண்டு விதிகளும் இதைக் கடமையாக்கியுள்ளன. அவற்றின் முக்கியப் பகுதிகளை ஒவ்வொரு பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும்.

விதி 3: குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற கல்விப் பொருளையும் பாடத்திட்டத்தையும் ஒன்றிய, மாநில அரசுகள் உருவாக்க வேண்டும். உடலையும் இணைய அடையாளத்தையும் காத்துக்கொள்வது, புகார் செய்யும் வழிகள், பாலினச் சமத்துவம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். குழந்தைகளுடன் பழகும் பணியாளர்களின் பின்னணியைக் காவல்துறை வழியாகச் சரிபார்ப்பதும் நிறுவனத்தின் கடமை.

பிரிவு 11, 12: சொல், சைகை, உடலைக் காட்டுதல், ஆபாசப் படங்களைக் காட்டுதல், இணையம் வழியாகத் தொடர்ந்து தொல்லை தருதல் ஆகியவை, பாலியல் நோக்கத்துடன் செய்யப்பட்டால், பாலியல் துன்புறுத்தல் ஆகும். தண்டனை 3 ஆண்டு வரை. உடலைத் தொடாமலேயே குற்றம் நிகழ முடியும் என்பதை ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்ற ஒற்றைப் பாடம் கற்பிப்பதில்லை. கே.கே. நகர் புகார்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிரிவு 5, 9: கல்வி நிறுவனத்தின் நிர்வாகத்தினரோ பணியாளரோ அந்நிறுவனத்தில் உள்ள குழந்தைக்கு எதிராகச் செய்யும் பாலியல் வன்முறை, கடுமையாக்கப்பட்ட குற்றம். ஊடுருவும் வன்முறையாயின் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டுகள்.

பிரிவு 19, 21: குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை. தன் கட்டுப்பாட்டில் உள்ள பணியாளர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்று பேசி முடித்துவைப்பது சமரசமாகாது, குற்றம்.

பிரிவு 24: குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பெற வேண்டும். கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றி அதைப் பெற வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

உச்ச நீதிமன்றமும் இத்திசையில் பேசியுள்ளது. குழந்தைகளின் பாலியல் காட்சிகளைத் தரவிறக்கம் செய்து வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை 2024 செப்டம்பர் 23 அன்று ரத்து செய்தபோது, பாலியல் கல்வி மேற்கத்தியக் கருத்து என்பதும், அது ஒழுக்கக்கேட்டை வளர்க்கும் என்பதும் தவறான எண்ணங்கள் என்று கூறியது. விரிவான பாலியல் கல்வித் திட்டத்துக்கு வல்லுநர் குழு அமைப்பதைப் பற்றி ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைத்தது. 2025 அக்டோபரில் மற்றொரு வழக்கில், ஒன்பதாம் வகுப்புவரை காத்திராமல் இளவயதிலேயே இக்கல்வி தொடங்கப்பட வேண்டும் என்றும் கூறியது.

சாதி எங்கே நுழைகிறது?

அண்ணல் அம்பேத்கர் 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையைப் படித்தார். சாதியின் சாரம் அகமணமுறை என்பதே அவர் கண்ட முடிவு. உடன்கட்டை ஏறுதல், கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகிய மூன்றும் அகமணத்தைக் காக்க உருவான ஏற்பாடுகள் என்று அவர் விளக்கினார். அதாவது பெண்ணின் உடலையும் விருப்பத்தையும் கட்டுப்படுத்தாமல் சாதி ஒரு தலைமுறையைக்கூடத் தாண்ட முடியாது. யாரை விரும்பலாம், யாருடன் பேசலாம், யாரைத் தொடலாம் என்பவையே உறவுக் கல்வியின் கேள்விகள். சாதியின் கேள்விகளும் அவையே. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைக் கற்பிக்க இயலாது.

பாலியல் அறிவுக்காக நீதிமன்றத்தில் நின்ற வழக்கறிஞரும் அவரே. மராத்தியில் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற இதழை நடத்திய ஆர்.டி. கார்வே, வாசகர்களின் பாலியல் ஐயங்களுக்கு விடையளித்ததற்காக ஆபாசக் குற்றச்சாட்டுக்கு உள்ளானார். 1934இல் பம்பாயில் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். மக்கள் கேட்கும் ஐயத்துக்கு விடை சொல்வது ஆபாசமாகாது, அறியாமையைப் போக்க அறிவே வழி என்ற நிலையிலிருந்து அவர் வாதாடினார். வழக்கு தோற்றது, கார்வேக்கு 200 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு வசதிகளை வலியுறுத்தும் தீர்மானத்தை அவருடைய கட்சி கொண்டுவந்தது. அதுவும் தோற்றது. தமிழ்நாட்டில் அதே காலத்தில் பெரியார் கர்ப்பத் தடையைப் பெண் விடுதலைக்கான கருவியாக முன்வைத்துப் பேசியும் எழுதியும் வந்தார். ஆகவே பாலியல் கல்வி வெளியிலிருந்து இறக்குமதியானது என்போர் நம் சமூகநீதி மரபின் ஒரு பகுதியை மறைத்தே பேசுகின்றனர்.

அம்மரபு வகுப்பறைக்குள் வராததன் விலையை யார் கொடுத்தார்கள்? தருமபுரி நத்தம் காலனியில் 2012 நவம்பர் 7 அன்று தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டதற்குச் சாக்காகச் சொல்லப்பட்டது ஒரு சாதி மறுப்புத் திருமணம். அத்திருமணத்தின் மணமகன் இளவரசன் 2013 ஜூலை 4 அன்று ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலில் தன்னுடன் படித்த பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் அவரது உடலும் ரயில் பாதையில் கிடந்தது. யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. கோகுல்ராஜ் செய்தது உடன் படித்தவரிடம் பேசியது. நட்பு என்பதையே ஒரு குற்றமாகப் பார்க்கும் சமூகத்தில், ‘ஆரோக்கியமான நட்பு’ என்று பாடம் நடத்தும் ஆசிரியர் இந்தப் பெயரைச் சொல்லாமல் எப்படிக் கடந்து செல்வார்?

பள்ளிச் சுவருக்கு உள்ளேயும் இதுவே நிலை. 2023 ஆகஸ்டு 9 அன்று நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும், அவருடன் அதே பள்ளியில் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை அளித்தது. சாதியை அடையாளப்படுத்தும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடை செய்யவும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிச் சொற்களை நீக்கவும் அது பரிந்துரைத்தது. கயிற்றை அறுப்பது முதல் வேலை. கயிறு கட்டிய கைக்குள் இருக்கும் எண்ணத்தை மாற்றுவது பாடத்தின் வேலை.

அந்த வேலையைப் பள்ளி செய்யாதபோது அந்த இடத்துக்கு யார் வருகிறார்கள் என்பதை, கே.கே. நகருக்கு அடுத்த பகுதியான அசோக் நகர் காட்டியது. 2024 ஆகஸ்டு இறுதியில் அங்குள்ள அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கு அழைக்கப்பட்ட மகாவிஷ்ணு என்ற ஆன்மிகப் பேச்சாளர், ஊனமும் ஏழ்மையும் முற்பிறவிப் பாவத்தின் பயன் என்ற பொருள்பட மாணவிகளிடம் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர் எழுந்து அதைக் கேள்வி கேட்டார். காணொளி பரவியது, செப்டம்பரில் பேச்சாளர் கைது செய்யப்பட்டார், தலைமையாசிரியர் இடமாற்றம் செய்யப்பட்டார். பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறை வகுக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். பிறப்பால் வந்தது வினைப்பயன் என்பது சாதியை நியாயப்படுத்தும் கோட்பாடு. அதைக் கேட்டு வளரும் சிறுமி, தனக்கு நேரும் வன்முறையையும் தன் வினை என்றே எடுத்துக்கொள்வாள். அது உன் தவறல்ல என்று சொல்வதே பாலியல் கல்வியின் முதல் வாக்கியம். இந்த இரண்டும் ஒரே வளாகத்தில் சேர்ந்து வாழ முடியாது.

காதலும் போக்சோவும்

போக்சோவின்படி 18 வயதுக்குட்பட்ட எவரும் குழந்தை; குழந்தையின் இசைவு சட்டத்தின் முன் இசைவாகாது. 2012க்கு முன் இசைவு வயது 16 ஆக இருந்தது. இந்த மாற்றத்தால் வளரிளம் பருவத்தினரின் காதலும் குற்றப் பட்டியலில் சேர்ந்தது. அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை போக்சோ வழக்குகளில் வந்த 7,064 தீர்ப்புகளை என்ஃபோல்டு அமைப்பு ஆராய்ந்தது. அவற்றுள் 1,715 காதல் உறவு சார்ந்தவை; ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

நம் மாநிலத்தில் இதன் பொருள் என்ன என்பது விளக்கம் தேவைப்படாதது. பெண் ஆதிக்கச் சாதியாகவும் பையன் தலித்தாகவும் இருந்து, பெண்ணுக்குப் பதினேழரை வயதும் ஆகியிருந்தால், பெண் வீட்டாரின் கையில் சட்டம் ஓர் ஆயுதமாகிறது. ‘நாடகக் காதல்’ என்று மேடையில் சொல்லப்படுவது காவல் நிலையத்தில் கடத்தல், போக்சோ என்ற பிரிவுகளாக எழுதப்படுகிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் சபரி வழக்கில், 16 வயதைக் கடந்தோரின் இசைவான உறவை இச்சட்டத்தின் கடுமையிலிருந்து விலக்குவதைப் பரிசீலிக்கலாம் என்று கூறியது. 2021 ஜனவரியில் விஜயலட்சுமி வழக்கில், வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்று கூறி வழக்கை ரத்து செய்தது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர், இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். எனினும் சட்டம் மாறவில்லை.

இதனால் போக்சோ வேண்டாம் என்பது நம் நிலைப்பாடாக முடியாது. தலித் சிறுமிகளுக்கு எதிரான வன்முறையில் நாம் முதலில் கையிலெடுக்கும் சட்டமும் அதுவே. சட்டத்தைத் திருத்தும் விவாதம் ஒருபுறம் நடக்கட்டும். இச்சட்டம் இருப்பதையும் அதன் வயது வரம்பையும் பதினோராம் வகுப்பு மாணவனுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஜாமீன் மனுவைத் தயாரிக்கும்போது வழக்கறிஞர் வாயிலாக முதன்முறையாக அதைக் கேட்கும் பையன்கள் இருக்கிறார்கள். சீர்திருத்த இல்லத்தின் வாசலில் நின்று கேட்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். வகுப்பறையில் 40 நிமிடங்களில் சொல்லியிருக்கக்கூடிய செய்தி அது.

தலித் மாணவி புகார் செய்யும்போது

கே.கே. நகர் மாணவிகளின் துணிவு பெரிது. அவர்களுக்குக் கைகொடுக்க ஆங்கிலமும் சமூக ஊடகமும் முன்னாள் மாணவர் வலைப்பின்னலும் இருந்தன என்பதும் உண்மை. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளிலும், அத்துறையின் விடுதிகளிலும் பயிலும் மாணவிக்கு அவை இல்லை. அவளுக்கு எதிரே நிற்பவர் ஆசிரியராக மட்டுமன்றி ஊரின் ஆதிக்கச் சாதிக்காரராகவும் இருக்கக்கூடும். புகார் கொடுத்தால் தந்தையின் கூலிவேலை போகும், வெளியே தெரிந்தால் படிப்பு நிற்கும், படிப்பு நின்றால் கல்யாணம் என்ற கணக்கு அவளுக்குத் தெரியும். எனவே இந்தச் சட்டங்களை அவளும் அவளுடைய பெற்றோரும் அறிந்திருப்பது இன்றியமையாதது.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும், குற்றஞ்சாட்டப்பட்டவர் அவ்வாறில்லாதவராகவும் இருந்தால், போக்சோவுடன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் முதல் தகவல் அறிக்கையிலேயே சேர்க்கப்பட வேண்டும். பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பெண்ணை இசைவின்றிப் பாலியல் நோக்கில் தொடுவதும், அவளிடம் பாலியல் பொருள்படும் சொல், செயல், சைகையைப் பயன்படுத்துவதும் பிரிவு 3(1)(w)இன்கீழ்த் தனிக் குற்றங்கள். விசாரணை அதிகாரி துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். முன்ஜாமீனுக்குப் பிரிவு 18 தடையாக நிற்கிறது. விசாரணையின் ஒவ்வொரு கட்டத்தையும் அறியவும் கருத்துச் சொல்லவும் பிரிவு 15ஏ பாதிக்கப்பட்டவருக்கு உரிமை தருகிறது. இவ்விரு சட்டங்களின்கீழும் இழப்பீடு உண்டு. அதைப் பெற வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

‘சாதியைச் சொல்லித் திட்டவில்லையே’ என்று இச்சட்டத்தைச் சேர்க்க மறுக்கும் வழக்கம் காவல் நிலையங்களில் உண்டு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பெருங்குற்றங்களில், பாதிக்கப்பட்டவரின் சாதியைக் குற்றவாளி அறிந்திருந்தாலே பிரிவு 3(2)(v) பொருந்தும். உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 27 அன்று பட்டான் ஜமால் வலி வழக்கில் இத்திருத்தத்தைச் சுட்டிக்காட்டியது. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் மீதான வன்முறையில் சாதி, பாலினம், உடற்குறை ஆகிய மூன்றும் பின்னிப்பிணைந்து செயல்படுவதை அத்தீர்ப்பு விரிவாக ஆராய்ந்தது. கே.கே. நகர் புகார்களுக்கு ஒரு மாதம் முன்பு வந்த தீர்ப்பு அது. தொலைக்காட்சி விவாதங்களில் ஒருவர்கூட அதைக் கையில் எடுத்திருந்தால், சாதியும் பாலியல் வன்முறையும் எப்படி இணைகின்றன என்பது வேறு தளத்தில் பேசப்பட்டிருக்கும்.

பாடத்தில் இருக்க வேண்டியவை

எட்டாம் வகுப்பு முடிவதற்குள்: உடலின் பகுதிகளுக்கும் மாற்றங்களுக்கும் நேரான தமிழ்ச் சொற்கள், மாதவிடாய் பற்றி மாணவர், மாணவி இருவருக்கும் ஒரே வகுப்பில் பாடம், தீட்டு என்னும் கருத்து மாதவிடாயிலும் சாதியிலும் ஒரே வேரிலிருந்து வருவது, 1098, 14417 ஆகிய எண்களை எப்போது, எப்படி அழைப்பது.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில்: இசைவு, மறுப்பு, ஈர்ப்பு, நட்பு, தொடாமல் நிகழும் பாலியல் துன்புறுத்தல், இணையத்தில் படங்களைப் பகிர்வதன் சட்ட விளைவுகள், பாலினச் சிறுபான்மையினரை மதித்தல், சாதிப் பெயரால் செய்யப்படும் பாலியல் கேலி.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில்: போக்சோவின் வயது வரம்பு, கருத்தடையும் பால்வினை நோய்த் தடுப்பும், குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம், வயது வந்த இருவரின் திருமணத்தில் தலையிட எந்தக் கூட்டத்துக்கும் அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சக்தி வாகினி வழக்கில் அளித்த தீர்ப்பு, சாதி ஆணவக்கொலைகளின் வரலாறு.

நடத்துவோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பாடவேளை அட்டவணையில் இருக்க வேண்டும். பாதுகாப்புக் குழுவில் தலித் பெற்றோருக்கும், குறிப்பாகத் தாய்மார்களுக்கும், இடம் உறுதி செய்யப்பட வேண்டும். நலத்துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையுடன் இணைப்பதாக 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அந்த இணைப்பு எவ்வாறு அமைந்தாலும், இப்பாடம் முதலில் செல்ல வேண்டிய இடம் அப்பள்ளிகளும் விடுதிகளும்தான்.

பெற்றோரின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யக் கூடாது. நம் தெருக்களிலும், மகள் பெரியவளானதும் பள்ளியை நிறுத்தலாமா என்று யோசிக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் அஞ்சுவது பாடத்தைக் கண்டல்ல. பேருந்து நிறுத்தத்தையும் ஊர்க்காரர்களையும் கண்டு. அந்த அச்சத்துக்கு மௌனம் ஒருபோதும் காவலாக இருந்ததில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் உறுப்பினர்கள் யார்? அது கடைசியாக எப்போது கூடியது? போக்சோ விதி 3 சொல்லும் பாடம் எந்த வகுப்பில், எந்தப் பாடவேளையில் நடக்கிறது? பதில் வரவில்லையெனில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். தனியார் பள்ளியாயின் மாவட்டக் கல்வி அலுவலரிடம் கேளுங்கள். 1934இல் அம்பேத்கர் தோற்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அதன் மேல்முறையீடு நம் பிள்ளைகளின் வகுப்பறையில் நிலுவையில் இருக்கிறது.